கோளாறு எண்ணைப் படித்தல்: பழைய மண்வேலை யந்திரம் வாங்குவோருக்கும் பழுது பார்ப்போருக்கும்

சித்தையன்கோட்டை, ஆத்தூர், செம்பட்டி வட்டாரத்தில் கிணறு ஆழப்படுத்தவும், வாய்க்கால் தூர் வாரவும், தென்னங்கன்றுக்குக் குழி எடுக்கவும், திண்டுக்கல்லுக்கு அப்பால் கல் குவாரிகளில் பாறை அள்ளவும் ஓடிக்கொண்டிருக்கும் ஜேசிபிகளிலும் பொக்லைன்களிலும் பல, வேறொருவரிடம் சில ஆயிரம் மணி நேரம் உழைத்துத் தேய்ந்த பின்னர், பைனான்ஸ் கம்பெனியின் ஏலத்திலோ தரகர் மூலமாகவோ கைமாறி இங்கு வந்து சேர்ந்தவை. முன்பெல்லாம் இத்தகைய வண்டியைப் பரீட்சித்து வாங்குவது கண்ணுக்கும் காதுக்கும் உட்பட்ட காரியமாக இருந்தது. புகையின் நிறத்தைப் பார்த்து, ஆயில் மூடியைக் கழற்றிப் புகை அடிக்கிறதா என்று நோக்கி, டர்போவின் ஓசையைக் கேட்டு, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கால் மணி நேரத்தில் தம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவார். இன்று அம்முறை பாதி வண்டிகளுக்கே பயன்படும். சக்கரம் பூண்ட கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் நான்காம் கட்டப் புகை விதியும், 2025 ஜனவரி முதல் ஐந்தாம் கட்ட விதியும் அமலுக்கு வந்துவிட்டமையால், பழைய டீசல் பம்பின் ஸ்தானத்தில் காமன் ரெயிலும், அதை ஆளும் ஈ.சி.எம். என்னும் மின்னணுப் பெட்டியும், அப்பெட்டிக்குச் செய்தி சொல்லும் சென்சார்களும் இடம் பிடித்துவிட்டன. செயின் வண்டிகளிலோ இவ்வித எஞ்ஜின்கள் அதற்கும் முன்பே வரத் தொடங்கியவை.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதிரே நிற்பது எந்த இனம் என்பது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பம்புக்குக் கேபிள் போகிறது என்றால் அது பழைய இனம். இந்த அத்தியாயம் அதற்கு வேண்டியதில்லை. கேபிளுக்குப் பதிலாக ஒயர் போகிறது என்றால் மேலே படிக்கலாம்.

எண்ணின் லட்சணம்

எஞ்ஜினில் ஏதேனும் ஒன்று ஈ.சி.எம். எதிர்பார்க்கும் எல்லையைத் தாண்டும்போது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கோ சிவப்பு விளக்கோ எரிந்து, திரையில் ஓர் எண் தோன்றுகிறது. இந்த எண்ணைக் கண்டவுடன் அதில் பெயர் சொல்லப்பட்ட சென்சாரை வாங்கி மாட்டிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அப்படி மாட்டியும் விளக்கு அணையாமல் நிற்கும் வண்டிகளைப் பார்க்காத பட்டறை இருக்க முடியாது. காரணம், கோளாறு எண் என்பது ஈ.சி.எம். கொடுக்கும் ஒரு மனுவேயன்றித் தீர்ப்பு அன்று. "எனக்கு இந்த வழியாக வரும் செய்தி சரியாக இல்லை" என்று மட்டுமே அது சொல்கிறது. செய்தி தவறானதற்குச் சென்சார் காரணமா, ஒயர் காரணமா, கப்ளர் காரணமா, அல்லது செய்தி மெய்யாகவே இருந்து எஞ்ஜின்தான் நோயுற்றிருக்கிறதா என்பதை விசாரித்து முடிவு கட்ட வேண்டியவர் மெக்கானிக்.

விசாரணைக்கு வேண்டிய முதல் தடயம் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் வாகன எஞ்ஜினீயர்களின் அமெரிக்கச் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே 1939 என்னும் நியமத்தைப் பின்பற்றும் வண்டிகளில் கோளாறு எண் இரண்டு பகுதிகளாக வரும். எஸ்.பி.என். என்னும் முதற்பகுதி எந்த விஷயம் என்பதையும், எஃப்.எம்.ஐ. என்னும் இரண்டாம் பகுதி அந்த விஷயத்தில் எவ்விதமான பிசகு என்பதையும் குறிக்கும். எஸ்.பி.என். 100 என்றால் எஞ்ஜின் ஆயில் அழுத்தம்; 110 என்றால் ரேடியேட்டர்த் தண்ணீரின் உஷ்ணம்; 102 டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்; 105 அக்காற்றின் உஷ்ணம்; 94 டீசல் வரத்தின் அழுத்தம்; 157 காமன் ரெயிலுக்குள் உள்ள அழுத்தம்; 168 பேட்டரி வோல்டேஜ்; 190 எஞ்ஜின் சுற்று வேகம். இவ்வளவை மனப்பாடம் செய்துகொண்டால் இப்பகுதி வேலைக்குப் பெரும்பாலும் போதும்.

ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவது இரண்டாம் பகுதிதான்; பலரும் படிக்காமல் விடுவதும் அதையே. எஃப்.எம்.ஐ. 0 என்றால் அளவு மெய்யாகவே கடுமையாக மிகுந்துவிட்டது; 1 என்றால் கடுமையாகக் குறைந்துவிட்டது; 15, 16 ஆகியவை மிகுதியின் இலேசான படிகள்; 17, 18 குறைவின் இலேசான படிகள். இவை வரும்போது சென்சார் பொய் சொல்வதாக ஈ.சி.எம். கருதவில்லை, நம்பத்தக்க செய்தி வந்து, அச்செய்தி கெட்டதாக இருக்கிறது என்பதே பொருள். எஃப்.எம்.ஐ. 3 என்றால் சென்சார் வழியில் வோல்டேஜ் இருக்கக்கூடாத அளவுக்கு ஏறிவிட்டது. 4 என்றால் இருக்கக்கூடாத அளவுக்கு இறங்கிவிட்டது. 5 என்றால் மின்னோட்டம் குறைந்தது, அதாவது பெரும்பாலும் ஒயர் அறுந்தது. 6 என்றால் மின்னோட்டம் மிகுந்தது, அதாவது ஒயர் எர்த்தில் பட்டது. இவை நான்கும் மின்சார வழியின் வியாதிகள். எஃப்.எம்.ஐ. 2 என்பது செய்தி தாறுமாறாக வருகிறது என்பதைச் சொல்லும். அசைந்தால் பிடித்து அசைந்தால் விடுகிற கப்ளரை முதலில் சந்தேகிக்க வேண்டிய எண் அது.

100 என்ற அதே எஸ்.பி.என்., 4 என்ற எஃப்.எம்.ஐ.யுடன் வந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும். 1 என்ற எஃப்.எம்.ஐ.யுடன் வந்தால் அந்தக் கணமே எஞ்ஜினை நிறுத்திவிட்டு பேரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். முதல் எண்ணை மட்டும் பார்த்து இரண்டுக்கும் ஒரே சென்சாரை மாட்டுகிறவர், ஒரு சந்தர்ப்பத்தில் சில ஆயிரம் ரூபாயையும் மற்றொரு சந்தர்ப்பத்தில் கிராங்க் ஷாப்டையும் இழக்கிறார்.

கம்பெனிகள் சில தங்கள் சொந்த எண்களையும் வைத்திருக்கின்றன. கம்மின்ஸ் எஞ்ஜின்களில் 143 என்பது ஆயில் அழுத்தம் குறைந்ததையும், 415 என்பது அது அபாய எல்லைக்கு வந்ததையும், 144, 145 ஆகியவை தண்ணீர் உஷ்ணச் சென்சாரின் வோல்டேஜ் முறையே ஏறியதையும் இறங்கியதையும், 151 என்பது தண்ணீர் மெய்யாகவே கொதிநிலையை நெருங்கியதையும் குறிக்கும். கோமாட்சு வண்டியின் திரையில் "சி.ஏ. 144" என்று வந்தால் அது இதே 144தான். கேட்டர்பில்லரில் "ஈ 360" ஆயில் அழுத்தக் குறைவு, "ஈ 361" தண்ணீர்ச் சூடு. எழுத்து எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எஞ்ஜின் நோயா, செய்தி வரும் வழியின் நோயா?

தொடுவதற்கு முன்

எண்ணை அழிப்பதற்கு முன்னால் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஹவர் மீட்டர் காட்டும் மணியையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இப்போது நடப்பில் உள்ள கோளாறும், முன்பு வந்து மறைந்து நினைவில் மட்டும் தங்கிய கோளாறும் தனித்தனிப் பட்டியலாக வரும். முதலாவதே இன்று தேட வேண்டியது, இரண்டாவது வண்டியின் சரித்திரம்.

அடுத்தது பேட்டரி. வோல்டேஜ் குறைந்த வண்டியில் ஈ.சி.எம். காணும் கோளாறுகளில் பாதி மாயை. ஓய்வில் நிற்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 காட்டும், 24 வோல்ட் வண்டியில் இரண்டும் சேர்ந்து 25.2. எஞ்ஜின் ஓடும்போது முறையே 14, 28 வோல்ட்டுக்கு அருகில் ஏற வேண்டும். பின்பு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்ஜின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்து ஒயர் துருவேறியிருக்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவதற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் உபயோகிக்கிற டெஸ்ட் லாம்பை ஈ.சி.எம். ஒயர்களில் வைக்கக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் அந்த நுட்பமான வழிகளுக்கு ஆகாது. ஒயரின் தோலை ஊசியால் குத்திப் பார்ப்பதும் தவறு. அந்தத் துளைவழியே புகும் ஈரம் சில மாதங்களுக்குப் பின் புதுக் கோளாறாகத் திரும்பி வரும்.

தண்ணீர் உஷ்ணச் சென்சார்

எல்லாச் சென்சார்களிலும் பரீட்சிக்கச் சுலபமானதும், கற்றுக்கொள்ளத் தகுந்ததும் இதுவே. இரண்டு ஒயர்கள், உள்ளே உஷ்ணம் ஏற ஏற மின் தடை குறையும் ஒரு பொருள். பல எஞ்ஜின்களில் வரும் பாஷ் மாதிரிச் சென்சார் 20 டிகிரியில் 2,500 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 320 ஓம் அளவிலும் இருக்கும். ஈ.சி.எம். இவ்வழியில் 5 வோல்ட்டை அனுப்பி, எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கொண்டு உஷ்ணத்தைக் கணக்கிடுகிறது. ஆகவே ஒயர் அறுந்தால் வோல்டேஜ் இறங்குவதற்கு வழியில்லாமல் மேலே நிற்கும், எஃப்.எம்.ஐ. 3 வரும், அளவு காட்டும் கருவியில் உறைநிலைக்கும் கீழே 40 டிகிரி என்று தோன்றும். திண்டுக்கல் சமவெளியில் சித்திரை மாதத்தில் இந்த எண்ணைக் காணும் மெக்கானிக் சிரிக்கலாம். ஆனால் சிரித்தபின் அறுந்த ஒயரைத் தேட வேண்டும். இரண்டு ஒயர்களும் ஒன்றோடொன்று பட்டாலோ மாறாக எஃப்.எம்.ஐ. 4 வரும்; எஞ்ஜின் பச்சைத் தண்ணீரோடு நிற்கும்போதே கருவி கொதிநிலையைக் காட்டும்.

இந்த இயல்பே பரீட்சைக்கும் சாதனமாகிறது. எண் 110, எஃப்.எம்.ஐ. 4 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவியை ஆன் நிலையில் வைத்து, எஞ்ஜினை ஓட்டாமல், சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். 4 மறைந்து 3 வந்துவிட்டால், ஒயரும் ஈ.சி.எம்.மும் சரியாக இருக்கின்றன. சென்சார்தான் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றிய பின்னும் 4 அசையாமல் நின்றால் சென்சார் நிரபராதி. ஒயரில் எங்கோ தோல் உரிந்து எர்த்தில் பட்டிருக்கிறது. முதலில் வந்தது 3 ஆனால், கழற்றிய கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள்; 4 ஆக மாறினால் வழி முழுவதும் நல்லது, சென்சாரை மாற்றலாம்; மாறாவிட்டால் ஒயரில் அறுப்பு. இவ்விதம் இணைத்துப் பார்ப்பது இரண்டு ஒயர் உஷ்ணச் சென்சாருக்கு மட்டுமே உரியது. மூன்று ஒயர் உள்ள அழுத்தச் சென்சாரில் ஒருபோதும் செய்யக் கூடாது.

எண்ணே வராத பொய்யும் ஒன்று உண்டு. வெளியூர்ச் சந்தையிலிருந்து வரும் வண்டிகளில், சூடேறும் எஞ்ஜினின் குற்றத்தை மறைப்பதற்காக, சென்சாரைக் கழற்றிவிட்டுக் கப்ளருக்குள் ஒரு சிறு ரெசிஸ்டரைச் செருகி டேப் சுற்றிவிடுகிற தந்திரம் வழக்கத்தில் இருக்கிறது. ஈ.சி.எம். நிம்மதியாக இருக்கும், விளக்கும் எரியாது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை. இரவு முழுவதும் ஆறிய வண்டியில் விடியற்காலையில் சாவியைப் போட்டு, தண்ணீர் உஷ்ணத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் உஷ்ணத்தையும் திரையில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் அன்றைய காலைச் சூட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். காற்று 26 டிகிரி, தண்ணீர் 82 டிகிரி என்று காட்டினால், அந்தக் கப்ளரின் டேப்பைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுவது அவசியம். நம் பக்கத்து உப்பு நீர் சென்சாரின் முனையில் சுண்ணாம்பாகப் படிந்து, உஷ்ணம் ஏறுவதைத் தாமதமாகவே அதற்கு உணர்த்தும். மின் பரீட்சையில் தேறுகிற சென்சார் ஓட்டத்தில் தவறுவதற்கு இது ஒரு காரணம். கழற்றிப் பார்க்கும்போது முனை வெள்ளை பூத்திருந்தால் ரேடியேட்டரின் உள்ளும் அப்படியே இருக்கும்.

ஆயில் அழுத்தம்

100, எஃப்.எம்.ஐ. 1 அல்லது 18 என்று வருகிற வண்டியைப் பற்றி விற்பவர் "சென்சார் கம்ப்ளெயின்ட், மாத்திட்டாப் போதும்" என்று சொல்வார். அவரிடம் வாதம் செய்யத் தேவையில்லை. சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் கைப்பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்ஜின் நன்றாகச் சூடான பின், ஐட்லிங்கிலும் முழு வேகத்திலும் படித்து, அந்த எஞ்ஜினுக்குக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும். கேஜும் குறைவாகக் காட்டினால் சென்சார் உண்மையே சொல்லியிருக்கிறது. அப்போது ஆயிலில் டீசல் கலந்து மெலிந்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். பில்டர், பம்பு, ரிலீப் வால்வு என்று தேடி, கடைசியாக பேரிங் தேய்மானத்துக்கு வர வேண்டியிருக்கும். ஆறிய எஞ்ஜினில் நல்ல அழுத்தமும் சூடான எஞ்ஜினில் மோசமான அழுத்தமும் காட்டுவது தேய்ந்த பேரிங்கின் லட்சணம். கேஜ் நல்ல அளவு காட்டியும் திரை குறைவாகக் காட்டினால் மட்டுமே சென்சாரையும் அதன் ஒயரையும் குறை சொல்லலாம்.

மூன்று ஒயர் அழுத்தச் சென்சாரில் ஒன்று ஈ.சி.எம். தரும் 5 வோல்ட், ஒன்று திரும்பும் வழி, ஒன்று செய்தி. எஞ்ஜின் ஓடாதபோது செய்தி ஒயரில் ஏறக்குறைய அரை வோல்ட் இருக்கும். முழு அழுத்தத்தில் 4.5க்கு அருகே போகும். பூஜ்யமோ முழு ஐந்தோ எப்போதும் வரக் கூடாது என்பதற்காகவே இவ்விதம் அமைத்திருக்கிறார்கள்; வந்தால் அது ஒயரின் கோளாறு என்று ஈ.சி.எம். தெரிந்துகொள்கிறது.

பல எண்கள் ஒருங்கே வரும்போது

ஆயில் அழுத்தம், காற்றின் அழுத்தம், ஆக்ஸிலரேட்டர் என்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு எண்கள் ஒரே கணத்தில் வந்தால், மூன்று நான்கு சென்சார்கள் ஒருங்கே கெட்டுவிட்டன என்று நம்புவது வீண். அவை ஒரே 5 வோல்ட் வரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் வரத்து நின்றுபோகும். மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட் வழியில் வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் மீண்டும் தோன்றுகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் தோன்றாவிட்டால் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும்.

ஒயரிங் என்று சொல்லும்போது நம் ஊரின் விசேஷம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்தவுடன் எலிகள் மேட்டுக்கு வருகின்றன. தோப்போரத்தில் வேலையில்லாமல் ஒரு மாதம் நிற்கும் பொக்லைனின் எஞ்ஜின் அறையைவிடக் கதகதப்பான இடம் அவற்றுக்கு வேறு கிடைப்பதில்லை. நிறுத்தி வைத்து எடுத்த வண்டியில் திடீரென்று எண்கள் வந்தால் முதலில் எலிக் கடியைத் தேடுங்கள். அடுத்தது உராய்வு: ஹைட்ராலிக் ஹோஸோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒயர்க் கட்டு, கிளிப் உடைந்து இரும்பு விளிம்பில் உரசும் இடம். மூன்றாவது, வாட்டர் சர்வீஸில் கப்ளர் மீது நேராக அடித்த தண்ணீர். நான்காவது வெல்டிங், பக்கெட் பல் வைக்கும்போது பேட்டரியையும் ஈ.சி.எம். கப்ளர்களையும் கழற்றாமல், எர்த்து கிளாம்பை எங்கோ தூரத்தில் மாட்டி வெல்டு அடித்த வண்டிகளில், அடுத்த நாளே காரணம் விளங்காத எண்கள் வருவதுண்டு. கிளாம்ப் எப்போதும் வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

ஒயரை ஓம் அளவில் மட்டும் பரீட்சித்துத் திருப்தியடையக் கூடாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று தங்கினாலும் மீட்டர் நல்ல ஒயர் என்றே காட்டும். கையால் மெதுவாக இழுத்தும் அசைத்தும், திரையில் அளவு துள்ளுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெட்டிகளுக்குள் பேச்சே அறுந்து, திரை வெறுமையாக நின்றாலோ, கருவி எஞ்ஜினோடு இணைய மறுத்தாலோ, ஒன்பது முனை கொண்ட வட்டமான பரிசோதனைக் கப்ளருக்குப் போங்கள். அதில் ஏ என்னும் முனை எர்த்து, பி பேட்டரி, சி, டி ஆகிய இரண்டும் கேன் என்னும் செய்தி வழி. பேட்டரியைக் கழற்றிவிட்டு சிக்கும் டிக்கும் இடையே ஓம் அளந்தால் 60 காட்ட வேண்டும். வழியின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் அவ்வாறு வருகிறது. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்துபோயிற்று. பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் இரண்டு ஒயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன.

டர்போவும் டீசலும்

102 என்ற எண்ணுக்கு ஓர் அழகான சோதனை உண்டு. சாவி ஆன், எஞ்ஜின் நிற்கிறது என்ற நிலையில், முழு அழுத்தத்தை அளக்கும் காற்றுச் சென்சார் வெளிக் காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நம் சமவெளியில் அது 98 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். அதே வண்டியைக் கொடைக்கானலுக்கு ஏற்றினால் 78க்கு இறங்கும். சமவெளியில் நின்றுகொண்டு 78 காட்டும் சென்சார், எண் எதுவும் வராவிட்டாலும் கெட்டதுதான். நின்ற நிலையில் சரியாகக் காட்டி, லோடில் மட்டும் குறைந்த அழுத்தம் என்ற எண் வந்தால், டர்போ ஹோஸின் கிளாம்பையும் ஏர் பில்டரையும் பாருங்கள். கல் குவாரி வண்டிகளில் பின்னது அடைபடாமல் இருந்தால் ஆச்சரியம்.

ரெயில் அழுத்தக் குறைவான 157, எஃப்.எம்.ஐ. 18க்கும், டீசல் வரத்தான 94க்கும் முதல் சிகிச்சை பில்டரும், கேனிலிருந்து ஊற்றிய டீசலில் தேங்கிய தண்ணீரை வடிப்பதும். அதற்கு மேல் போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எஞ்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பம்புக் காலத்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. உள்ளே ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கிறது. ஊசி முனையளவு கசிவும் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டுப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் விரலை இழக்கிறார்கள்.

வாங்கப் போகும்போது

விற்பவர் முந்தைய நாளே எண்களை அழித்துவைத்திருக்கலாம் என்று அனுமானித்தே போக வேண்டும். சாவியைப் போட்டவுடன் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஓரிரு விநாடி எரிந்து அணைய வேண்டும். ஒன்று எரியவேயில்லை என்றால் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது மறைத்திருக்கிறார்கள். அழிக்கப்பட்ட கோளாறு, எஞ்ஜின் சூடாகி லோடு ஏறிய பின்பே திரும்பி வரும். ஆகவே வெறுமனே ஐட்லிங்கில் ஐந்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவதில் பிரயோஜனமில்லை. அரை மணி நேரமாவது மண்ணில் வேலை செய்யவிட்டு, மறுபடியும் பட்டியலைப் படிக்க வேண்டும். கடுமையான சில நிகழ்ச்சிகளைக் கம்பெனியின் கடவுச்சொல் இல்லாமல் அழிக்க முடியாதபடி சில எஞ்ஜின்கள் காத்துவைத்திருக்கின்றன. ஓவர் ஹீட்டும் ஆயில் அழுத்தக் குறைவும் எந்த மணியில், எத்தனை முறை வந்தன என்பதை அங்கே படிக்கலாம். ஹவர் மீட்டர் 6,000 காட்டும் வண்டியில் 9,000 ஆம் மணியில் பதிந்த கோளாறு ஒன்று அகப்பட்டால், மீட்டரைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை.

என் அபிப்பிராயத்தில், எஃப்.எம்.ஐ. 3, 4, 5 வரும் வண்டியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒயரிங் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக்கொண்டு வாங்கலாம். 0, 1 வந்த சரித்திரமுள்ள வண்டிக்கு எஞ்ஜின் வேலைக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு விடியற்காலையில், எஞ்ஜின் ஆறிய நிலையில், நீங்களே சாவியைப் போட்டுப் பாருங்கள். அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம்.